மூன்றாம் குடிலில் ஒரு டெமோ

நிலா தென்முனை, ஆறாம் பனி அகழ்வு நிலையம்
பொறுப்பு: ரோஸ்லின், காற்றுப் பொறியாளர். இந்த நிலையத்தில் நான் ஒருத்திதான். இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் முழுதும் படித்துவிட்டுப் பேசவும்.

மார்ச் 4, காலை 9:10
துளைக்கருவி ஓடுகிறது. மூன்று குடில்களிலும் காற்று சீர். பழைய எச்சரிக்கை மணி சோதிக்கப்பட்டது, ஒலிக்கிறது.

தலைமையகத்திலிருந்து கடிதம். ‘காற்றுக்காவலன்’ மென்பொருளின் புதிய பதிப்பு வந்திருக்கிறதாம். வாங்குவதற்கு முன் இணையவழி டெமோவில் நான் சோதித்துப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டுமாம். நான் சரி என்றால் எட்டு நிலையங்களுக்கும் வாங்குவார்கள்.

கடிதத்தை எழுதியவருக்கு என் தம்பி யாரென்று தெரியாது போலிருக்கிறது. அமல்ராஜ். எனக்கு முன் இங்கே பொறுப்பில் இருந்தவன். போன வருடம் மூன்றாம் குடிலில், காற்று மெல்லக் கசிந்து, தூக்கத்திலேயே போனான். அப்போது பழைய மணியைக் கழற்றிவிட்டு, இதே மென்பொருளின் பழைய பதிப்பை மட்டும் காவலுக்கு வைத்திருந்தார்கள். அதன் மணியை அவனே அணைத்துவிட்டுத் தூங்கினான் என்று மென்பொருள் நிறுவனம் அறிக்கை கொடுத்தது. சோம்பேறி என்று பெயர் வாங்கிக்கொண்டு மண்ணுக்குள் கிடக்கிறான். இந்த இடத்தை நான் கேட்டு வாங்கி வந்ததே அதனால்தான்.

மார்ச் 6, பிற்பகல் 2:35
முதல் டெமோ. திரையில் விற்பனையாளர் ஹரிஹரசுதன், சென்னை அலுவலகத்திலிருந்து. நல்ல சட்டை, நல்ல சிரிப்பு. மூன்றாம் குடிலின் அளவுகள் அவர் பக்கத்துக்கு நேரடியாகப் போகின்றன என்றார். குடில் காலியாக இருந்தது. அதன் காற்றை வெளியே விடும் வெளிவால்வு என் கையில்.

“மேடம், நான் சொன்னதும் திறங்க. மத்ததை எல்லாம் அது பாத்துக்கும்.”

சொன்னார். என் கையுறை பிடியில் மாட்டிக்கொண்டது. இழுத்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது. வால்வு இம்மிகூடத் திறக்கவில்லை.

“பாத்தீங்களா மேடம்? என்ன ஸ்பீடு!”

பார்த்தேன். ரொம்ப நன்றாகப் பார்த்தேன்.

மார்ச் 7, காலை 11:20
நிறுவனம் தந்திருந்த இலவசச் சோதனைப் பிரதியை மூன்றாம் குடிலில் நிறுவினேன். யாருக்கும் சொல்லாமல் வால்வை மயிரிழை அளவு திறந்தேன். பழைய மணி அலறியது. காற்றுக்காவலன் திரையில் பச்சை எழுத்து: ‘காற்று சீர்’. குடில் பாதி காலியான பிறகும் அதே பச்சை. மெதுவாகக் குறைந்தால் கருவிப் பிழை என்று அதுவாகவே தள்ளிவிடுகிறது. டெமோவில் கேட்ட மணி பதிவுசெய்து வைத்த நாடகம். நாம் வால்வைத் திறக்கும் நேரத்தை அவர்கள் சொல்வது அதற்குத்தான்.

என் தம்பி எதையும் அணைக்கவில்லை. அணைப்பதற்கு அங்கே எதுவும் அடிக்கவே இல்லை.

அழுதேன். பிறகு தலைமையகத்துக்கு எழுதினேன்: மென்பொருள் பிரமாதம். கடைசி டெமோவை ஹரிஹரசுதன் நேரில் வந்து இங்கிருந்து நடத்தினால், மற்ற ஏழு நிலையங்களும் இணையத்தில் பார்க்கலாம்.

ஏப்ரல் 19, மாலை 4:00
சரக்கு ஊர்தியில் வந்து இறங்கினார். ஊரிலிருந்து எனக்கு முறுக்கு வாங்கி வந்திருக்கிறார். நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். அதுதான் எரிச்சலாக இருக்கிறது. அமல்ராஜ் யாரென்று கேட்டேன். நினைவில்லையாம்.

ஏப்ரல் 20, காலை 10:05
மற்ற நிலையங்கள் இணைப்பில் வந்துவிட்டன. ஆள் இருக்கும் குடிலில் செய்து காட்டினால்தான் நம்புவார்கள் என்றேன். அவரால் மறுக்க முடியவில்லை, எல்லோரும் பார்க்கிறார்கள். அவரை மூன்றாம் குடிலில் உட்கார வைத்தேன். சோதனையின்போது கதவை வெளியிலிருந்து பூட்ட வேண்டும் என்பது விதி. பூட்டினேன். பழைய மணியைக் கழற்றிவிட்டேன்.

10:20
அவர் சொன்ன நேரத்துக்கு மணி அடித்தது. ஏழு நிலையங்களும் கைதட்டின. வால்வைக் கேமராவுக்கு முன் காட்டினேன். மூடியே இருந்தது. கைதட்டல் நின்றது.

“இப்ப நான் சொல்லாம திறக்குறேன் சார். மெதுவா. உங்க காவலன் பாத்துக்கட்டும்.”

10:31
திறந்தாயிற்று. திரையில் பச்சை. ‘காற்று சீர்’.

“மேடம், விளையாடாதீங்க. மூடுங்க. அது அடிக்காது மேடம்!”

“ஏன் அடிக்காது?”

“மெதுவான கசிவை அது கண்டுபிடிக்காது! எங்களுக்குத் தெரியும்... போன வருஷமே தெரியும். அந்தப் பையன் மணியை அணைக்கல. நாங்கதான் அப்படி எழுதினோம். கதவைத் திறங்க மேடம், கெஞ்சிக் கேக்குறேன்!”

ஏழு நிலையங்களும் கேட்டன. பதிவாகிவிட்டது. அமல், உன் பெயர் சுத்தமாகிவிட்டதடா.

10:34
நான்காம் நிலையப் பொறுப்பாளர் சுலைமான்: “கேட்டாச்சும்மா ரோஸ்லின். எல்லாரும் கேட்டோம். போதும், மூடிடும்மா.”

மூட வேண்டும். நினைத்தது நடந்துவிட்டது.

10:37
கதவைத் தட்டுகிறார். பலமாக இல்லை. சுலைமான் அண்ணன் கத்திக்கொண்டே இருக்கிறார். ஒலியைக் குறைத்துவிட்டேன்.

10:39
கை வால்வின் மேல்தான் இருக்கிறது. கால் சுற்று போதும். ஒரு குழந்தைகூட மூடிவிடும்.

திரை இன்னும் பச்சை.

மூடத்தான் போகிறேன். எழுதி முடித்துவிட்டு

10:44
தட்டல் நின்றுவிட்டது. வால்வு திறந்தேதான் இருக்கிறது. நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.