பச்சைப் புள்ளியைப் பார்த்துப் பேசு

ஜூலை 7, திங்கள்

இன்று நாற்பது பேர் என் மூக்குத் துவாரத்தைப் பார்த்தார்கள்.

மடிக்கணினியை மேசைமேல் வைத்துப் பேசினால் அப்படித்தான் தெரியுமாம். தலைக்கு மேலே காற்றாடி வேறு கிரீடம் மாதிரி சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. திங்கட்கிழமை ஒன்பது மணி வீடியோ கூட்டத்தில் எப்போதும் மேனேஜர் தர்மேந்திரன்தான் பேசுவார். நான் தோட்டத்துக் கிராணி, கணக்கெழுதுகிறவள், பக்கத்தில் நின்று தாள் எடுத்துக் கொடுப்பேன். இன்று பார்த்து, "நீங்களே பேசுங்க கிராணியம்மா, உங்களுக்குத்தான் வெவரம் தெரியும்" என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

விவரமாம்! ரெம்பாவ் பக்கம் தமிழ்ப்பள்ளிக்கு நம் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் இருபத்து மூன்று பேரை ஏற்றிப் போகிற வேனை ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து நிறுத்தப்போகிறார்கள். கோலாலம்பூர்த் தலைமை அலுவலகத்தை எதிர்த்து இவர் வாயைத் திறக்க மாட்டார். அதற்கு நான் வேண்டும்.

இரண்டு நிமிடம் உளறினேன். தலைமை அலுவலகத்து ரகுநாத் — எல்லாத் தோட்டங்களையும் ஆள்கிறவர், திரையில் கறுப்புக் கட்டமும் பெயரும் மட்டும்தான் — "இருபத்தெட்டாம் தேதி பத்து நிமிஷம் தர்றோம். அதுக்குள்ள கேமரா முன்னால பேசப் பழகிக்குங்க" என்றார். முகத்தையே காட்டாத மனுஷன், நான் முகத்தை ஒழுங்காகக் காட்டணும்னு சொல்றான்!

ஜூலை 11, வெள்ளி

கிராணிகளுக்கெல்லாம் திரையிலேயே பயிற்சி. சொல்லிக்கொடுப்பவள் ஷ்வேதா, முப்பது வயதிருக்கும். அவளுக்குப் பின்னால் பெரிய புத்தக அலமாரி. கையை ஆட்டும்போதெல்லாம் விரல்கள் அலமாரிக்குள் கரைந்து போயின. பொய் அலமாரி.

கணினியைக் கண் மட்டத்துக்கு உயர்த்த வேண்டுமாம். பேசுமுன் புன்னகைக்க வேண்டுமாம். கை கட்டத்துக்குள் இருக்க வேண்டுமாம். எல்லாவற்றுக்கும் மேலாக, யார் முகத்தையும் பார்க்கக் கூடாது, கேமரா பக்கத்தில் எரிகிற பச்சைப் புள்ளியைத்தான் பார்க்க வேண்டும். "அப்பதான் ஆன்ட்டி, அவங்க கண்ணைப் பார்த்துப் பேசற மாதிரி இருக்கும்" என்றாள். ஆளைப் பார்க்காமல் பேசினால் ஆளைப் பார்த்துப் பேசின மாதிரி. இதற்கு ஒரு படிப்பு, ஒரு சான்றிதழ்.

ஜூலை 12, சனி

கேமரா முன்னால் புன்னகைத்துப் பழகினேன். பூனை எழுந்து போய்விட்டது.

ஜூலை 16, புதன்

இன்றைய வித்தை: மனசுக்குப் பிடித்தவரின் படத்தைப் பச்சைப் புள்ளி பக்கத்தில் ஒட்டிக்கொண்டு அவரிடம் பேசுவதுபோலப் பேச வேண்டும். என் வீட்டுக்காரர் படத்தையா ஒட்டுவது? உயிரோடு இருந்தபோதே நான் சொன்ன ஒன்றையும் அவர் கேட்டதில்லை.

ஜூலை 19, சனி

காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டு முடிந்ததும் ஹேமா வழி மறித்தாள். நாற்றங்காலில் வேலை செய்கிறாள், இரண்டு பிள்ளைகள்.

"அக்கா, வேன் நிக்கப்போவுதாமே? மெயின் சடக்குல ஏழு கிலோமீட்டரு. செம்பனை லாரி ஓடுற ஓட்டத்துக்கு என் புள்ளைங்கள எப்படி நடக்க வுடுறது? நான் வேலைய வுட்டுட வேண்டியதுதான்லா."

"நான் பேசுறேன்" என்றேன்.

"நீங்க பேசுனா போதும்க்கா. உங்க சத்தம் கடைசி லயம் வரைக்கும் கேக்குமே."

கேட்கும். காலை ஆறு மணிக்கு ஆபீஸ் முன்னால் எண்பது பேர் நிற்பார்கள், நான்தான் பெரட்டில் பேர் கூப்பிடுகிறேன். பதில் சொன்னவருக்குப் பேர் போடுவேன். மூன்று தடவை கூப்பிட்டும் பதில் வராவிட்டால், "பேர் இல்லை" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவேன். அன்றைக்கு அவருக்குக் கூலி கிடையாது. இருபத்திரண்டு வருடமாக இதுதான் சட்டம். ஒருநாள் கூட எனக்கு நாக்கு தடுமாறியதில்லை. அந்தப் பெட்டி முன்னால் மட்டும் ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது?

எழுதிவிடுகிறேன், வேறு யாரிடம் சொல்வது. பயமா இருக்கு.

ஜூலை 23, புதன்

ஷ்வேதாவிடம் ஒத்திகை. இங்கிலீஷில் எழுதி வைத்த ஆறு பக்கத்தையும் ஒப்பித்தேன். கேட்டுவிட்டு, "ஆன்ட்டி, நீங்க பேசல. படிக்கிறீங்க" என்றாள்.

நாள் முழுக்கக் கோபம். பொய் அலமாரிக்காரி சொன்னது உண்மையாக இருந்ததுதான் காரணம்.

ஜூலை 27, ஞாயிறு

பவுடர் வாங்கினேன். ஐம்பத்தொரு வயதில், ஒரு வேனுக்காக.

ஜூலை 28, திங்கள்

நடந்ததை நடந்தபடியே எழுத வேண்டும்.

பழைய பெரட்டுப் புத்தகங்கள் ஆறை அடுக்கி அதன்மேல் கணினியை வைத்தேன். கண் மட்டம் சரி. பவுடர் சரி. மேனேஜர், கேமராவில் விழாமல், சுவரோரம் நின்றுகொண்டார். திரையில் நாற்பத்தொரு கட்டம். நாலே நாலு முகம், மற்றதெல்லாம் கறுப்பும் பெயரும். "குட் மார்னிங்" சொன்னேன். புன்னகைத்தேன். பச்சைப் புள்ளியைப் பார்த்தேன்.

அவ்வளவுதான். ஆறு பக்கமும் மண்டையிலிருந்து துடைத்துப் போட்டதுபோல் போய்விட்டது. தாளைத் தேடினால் கையில் இருந்தது காலையில் எடுத்த பெரட்டுப் புத்தகம். நிமிர்ந்தால் எதிரே வரிசையாகப் பேர்கள். எப்படி ஆரம்பித்தேன் என்று தெரியாது. வாய் தன்பாட்டுக்குக் கூப்பிட்டது.

"சுகுமாறன்!"

அவர் சிரம்பான் கிளையில் யாரோ அதிகாரியாம். "யெஸ்! யெஸ், இருக்கேன்!" என்று அலறிக்கொண்டு கேமராவைத் திறந்தார். மேனேஜர் சுவரோடு ஒட்டிப்போனார்.

மூன்றாவது பேரில்தான் என்ன செய்கிறேன் என்று எனக்கே உறைத்தது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்து, என்னைப் பேசப் பழகச் சொன்ன ஆட்கள்! ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டேன். சிலர் பதறிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் வாயில் ரொட்டி சானாய். பத்துப் பேரிடமிருந்து சத்தமே இல்லை.

"ரகுநாத்!"

பதில் இல்லை.

"ரகுநாத்!"

இல்லை. மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டார். அவரைப் பார்க்கவே இல்லை நான்.

"ரகுநாத்!... பேர் இல்லை."

அப்புறம் பிள்ளைகளைக் கூப்பிட்டேன். ஹர்வினேஷ், ஏழு வயது. தாட்சாயினி, பத்து. ஹேமாவின் இரண்டும். இருபத்து மூன்று பேர், வயதோடு, எழுதி வைக்காமல் எனக்குத் தெரியும். ஒவ்வொரு பேருக்கும் பதில் வருகிற அளவு நிறுத்தினேன்.

"இவங்களும் பதில் சொல்லல" என்றேன். இங்கிலீஷ் எப்போதோ கைவிட்டுப் போயிருந்தது, கொஞ்சம் தமிழ், கொஞ்சம் மலாய். "ஏன்னா இந்த நேரத்துக்கு பள்ளிக்கூடத்துல இருக்காங்க. வேன் கொண்டு போய் விட்டிருக்கு. பதில் சொல்லாத பதினோரு பேரும் நீங்க எங்க இருக்கீங்க?"

நன்றி என்று சொல்லி மூடிவிட்டேன்.

"என் தலையில கல்லத் தூக்கிப் போட்டுட்டீங்களே கிராணியம்மா!" என்றார் மேனேஜர். இவர் தலையாம். பேசாமல் நின்ற தலை.

ஜூலை 29, செவ்வாய்

வேலையை விட்டு நிறுத்தும் கடிதம் எதுவும் வரவில்லை. மேனேஜர் என்னைக் கண்டால் கழிப்பறைப் பக்கம் திரும்பிவிடுகிறார்.

ஜூலை 30, புதன்

மதியம் தொலைபேசி. ரகுநாத்தே. வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"கூட்டத்தோட பதிவப் பார்த்தேன். மூணு தடவ கூப்பிட்டீங்களா?"

"மூணு தடவை."

"எங்கப்பா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவரு. அந்தச் சட்டம் தெரியும் எனக்கு" என்றார். அப்புறம் "சரி" என்று வைத்துவிட்டார்.

என்ன சரி? வேனைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? தோட்டத்துப் புள்ளையாய்யா நீ? பெரட்டுல உங்கப்பன் நின்னதப் பார்த்து வளர்ந்தவனா? அப்ப இந்தப் புள்ளைங்க வேன நிறுத்த உனக்கு எப்படிய்யா கை வந்துச்சு? இவனை முன்பின் தெரியாத ஆள் என்று நினைத்தபோது இவ்வளவு எரியவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

உத்தரவுப்படி இன்று வேன் இருக்கக் கூடாது. ஆனால் 6.40க்கு ஹாரன் கேட்டது. ஓட்டுநர் மாயாண்டியிடம் ஓடினேன்.

"யாரு வரச் சொன்னது?"

"வராதேன்னு யாரும் சொல்லலியே கிராணியம்மா. அதான் வந்துட்டேன்" என்றார். இந்தக் கம்பெனியில் மூளை இருக்கிற ஒரே ஆள்.

ஷ்வேதா செய்தி அனுப்பியிருக்கிறாள். என் பதிவை இனி வகுப்பில் காட்டப் போகிறாளாம், பார்வையாளரை ஈர்க்க நல்ல உத்தியாம். உத்தி! நாக்கு செத்துப்போய் நின்றதற்கு அவள் பேர் வைத்துவிட்டாள். ஆனாலும் ஆறு புத்தகம் உயரத்துக்கு வைக்கச் சொன்னது அவள்தான், அதை மறுக்க முடியாது.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஒன்பது மணிக்குத் திறந்தேன். நாற்பத்தொரு கட்டத்திலும் முகம். யாரும் கேட்காமலே.

ரகுநாத்தை இன்றுதான் பார்க்கிறேன். நரைத்த தலை, கசங்கிய சட்டை, கேமரா கீழே இருப்பதால் மூக்குத் துவாரம் நன்றாகத் தெரிந்தது. பயிற்சிக்கு அனுப்ப வேண்டிய ஆள். வேன் தொடர்ந்து ஓடும் என்று தாளைப் பார்த்தே படித்தார், என்னமோ அவர் வீட்டு வேன் மாதிரி. பெரிய மனசுதான், போங்கள். மேனேஜர் கேமராவுக்குள் எட்டி வந்து நன்றி சொன்னார்.

அடுத்த விஷயத்துக்குப் போகுமுன் ரகுநாத் நிமிர்ந்தார். பச்சைப் புள்ளியை இல்லை, திரையில் என் கட்டத்தைப் பார்த்தார்.

"கிராணியம்மா, இன்னிக்குப் பேர் கூப்பிடலையா?"

கிண்டலோ என்று பார்த்தேன். இல்லை.

"ரகுநாத்!"

"இருக்கேன்."

ஒரே தடவைதான் கூப்பிட்டேன். பேர் போட்டுக்கொண்டேன்.