நாலு பொத்தல்

8.8.95, செவ்வாய்
ஆடிக்காற்று. அக்காவைக் கோவை ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் கூட்டி வந்தோம். பித்தப்பையை எடுத்தாயிற்று. வயிற்றைக் கிழிக்கவில்லை, நாலு பொத்தல்தான். ஒவ்வொரு வேகத்தடைக்கும் பல்லைக் கடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பனியன் வேஸ்ட் துணியால், பிள்ளை பெற்றவளுக்குக் கட்டுவதுபோல் வயிற்றை இறுக்கிக் கட்டினாள். "காத்து பூந்துரும் சாமி. அசையாமக் கெட." டாக்டர் நடக்கச் சொன்னார் என்றேன். "அவுரு பெத்தாரா?"

9.8, புதன்
வயிற்றைவிட வலது தோளில் வலி. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷினில் உட்காரும் எல்லோருக்கும் உள்ளதுதானே என்கிறாள். தைலம் தேய்த்தேன். குறையவில்லை. மாத்திரை போட்டும் அழுகை. இருமப் பயம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

10.8, வியாழன்
என் கட்டிங் வேலைக்கு அரை நாள் லீவு. எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன். ஆஸ்பத்திரி நர்ஸ்: "வயித்துக்குள்ள கேஸ் அடச்சுத்தானுங்க ஆபரேசன் பண்றது. மிச்சம் நின்னா தோள்ல குத்துமுங்க. கட்ட அவுத்துருங்க. மூச்ச நல்லா இழுக்கோணும். கொஞ்சங் கொஞ்சமா நடந்தா போயிருமுங்க. இருமறப்ப தலகாணிய வயித்தோட அணச்சுக்கச் சொல்லுங்க."

அனுப்பும்போது யாரும் இதைச் சொல்லவில்லை. மிஷின் வலி என்று நினைத்து நாங்களும் கேட்கவில்லை. துணியை அவிழ்த்தேன். அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

11.8, வெள்ளி
காலையில் லைன் வீட்டு வாசலில் கைபிடித்து நடத்தினேன். "தோளு கொஞ்சம் எறங்குதுடா தம்பி." சிரித்தாள். அந்த நேரம் பார்த்து மொபெட்டில் கான்ட்ராக்டர். அக்காவின் கம்பெனிக்கு ஆள் விடுபவர்.

"அட, ஜோரா நடக்கறயே கண்ணு! ஆபரேசன்னதும் என்னமோன்னு பயந்துட்டேன்."

"இன்னும் வலிக்குதுங்ணா."

"உக்காந்துட்டே செய்யற வேலதான? ஷிப்மென்ட் நிக்குது. திங்கக்கெழம வந்துரு. இல்லீன்னா மிஷின்ல வேற ஆளப் போட்டுருவேன், அப்பறம் என்னயச் சொல்லக்கூடாது."

நான் வாயைத் திறந்தேன். அக்கா கையை அழுத்தினாள். "செரிங்ணா."

மரியாதைக்குக் குறைச்சலில்லாத ஊர். பனியனில் ஒரு பொத்தல் இருந்தால் பீஸைத் தள்ளி வைக்கிறார்கள். இவளுக்கு நாலு.

12.8, சனி
அதே காற்று. அக்கா என்னைக் கான்ட்ராக்டரிடம் அனுப்பினாள்: "நேத்து நடந்ததுல அக்கா மறுபடி படுத்துட்டான்னு சொல்லீட்டு வா." போய்ச் சொன்னேன். "பாக்கலாம்" என்றார் கான்ட்ராக்டர். என் முகத்தைப் பார்க்கவில்லை.

படுத்தால் தோள் குத்துகிறது. வெளியே நடந்தால் யாராவது போய்ச் சொல்வார்கள்.

கதவைச் சாத்தச் சொன்னாள். ஜன்னலையும். அடுப்புக்கும் கதவுக்கும் நடுவே சுவரைப் பிடித்து நடக்கிறாள். அம்மா பாயைச் சுருட்டி வழிவிட்டாள்.