வெள்ளைத் துணி கட்டிய குடம்

செந்துறை,
வைகாசி, 1948.

சௌபாக்கியவதி பாப்பாத்திக்கு ஆசீர்வாதம். நீயும் ஆத்தாளும் சுகந்தானே? ஈரோட்டில் மழை உண்டா?

என் காலில் நரம்புச்சிலந்தி புறப்பட்டிருக்கிறது. பயப்படாதே, புழுவைக் குச்சியில் சுற்றி முக்கால்வாசி எடுத்தாயிற்று. ஜவுளி மூட்டையோடு ஊர் ஊராய் நடக்கத்தான் முடியவில்லை.

குளத்துத் தண்ணீரால் வருவது இது. போன வருஷம் சுகாதார இன்ஸ்பெக்டர், தண்ணீரை வடிகட்டச் சொல்லி வீட்டுக்கொரு வெள்ளைத் துணி கொடுத்தார். யாரும் கட்டவில்லை.

"சுடுகாட்டுச் சாம்பக் கலயத்துக்குத்தான் வெள்ளைத் துணியில வேடு கட்டுவாங்க. அவரு வூட்டுக் குடத்துல மொதல்ல கட்டட்டும்!" என்றாள் பக்கத்து வீட்டு உண்ணாமலை.

நான் இன்ஸ்பெக்டரிடம், "மஞ்சள்ல நனைச்சுக் குடுங்க சார், கையோட வாங்கிக்குவாங்க" என்றேன்.

"துணி விக்கிறவன் எனக்கு வைத்தியம் சொல்றியா?" என்று சிரித்தார். ஜனங்கள் மூடர்கள் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். இப்போது உண்ணாமலைக்கு இரண்டு காலிலும் புழு.

நான் மட்டும் யோக்கியனா? வெள்ளைத் துணி கட்டினால் அபசகுனம் என்று என்னிடம் ஜவுளி வாங்க மாட்டார்களே என்று, என் குடத்தையும் திறந்தே வைத்திருந்தேன்.

நீ இடித்த மஞ்சள் இரண்டு வீசை அனுப்பு. என் மூட்டையில் இருக்கிற வெள்ளைத் துணியை நனைத்து நானே வீடு வீடாகக் கொடுக்கப் போகிறேன். முதல் துணி என் குடத்துக்கு. காலுக்குப் பற்றுப் போடவும் கொஞ்சம் வேண்டும், இங்கே போட்டுவிட ஆளில்லை. தபால்காரர் நிற்கிறார்.

உன் கணவன்,
முத்துக்குமாரசாமி