வாலட் அசைந்தால் அண்ணன் இருக்கிறான்

ஜூலை 7, திங்கள்

வெயில். ஜெராக்ஸ் கடையைத் திறந்ததுமே கரண்ட் போனது. வாங்க வேண்டியவை: ஏ4 கட்டு, டோனர், அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை.

கரண்ட் வந்ததும் முதல் வேலை அதேதான். தேடும் பக்கத்தைத் திறந்து அண்ணனின் கிரிப்டோ வாலட் முகவரியை ஒட்டினேன். நீளமான எழுத்துக்கூட்டம், எனக்கு மனப்பாடம். இந்தப் பக்கம் பாஸ்வேர்டு கேட்காது, நீ யார் என்று கேட்காது. எந்த வாலட்டுக்கு எங்கிருந்து காயின் வந்தது, எப்போது, எங்கே போனது, எல்லாம் காட்டும். பெயர் மட்டும் இருக்காது.

அண்ணன் கடைசியாகப் பேசியது பொங்கலுக்கு முன், யாருடைய போனிலிருந்தோ.

"எம் போன புடுங்கிக்கினாங்க பாப்பா. கேட்டுக்கு வெளிய வுடல. எங் கமிஷன் ஒரு வாலட்டுல வுழும், எடுக்க முடியாது. அட்ரஸ் அனுப்பறேன், நீ பாத்துக்கினே இரு. அது அசைஞ்சா நான் உசுரோட கீறேன்னு வெச்சுக்கோ."

தாய்லாந்து, டைப்பிங் வேலை என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். இறக்கியது கம்போடியாவில். அனுப்பியவன் இந்த ஊர் ஏஜென்ட். இனி இந்த நோட்டில் அவன் 'ஏ.' மட்டும்தான். முழுப் பெயர் எழுதினால் நோட்டு நாறும்.

இன்று அசையவில்லை. ஜூன் கடைசியில் அசைந்ததோடு சரி.

வீட்டு வாசலிலேயே அம்மா. "இன்னாடி, அசைஞ்சுதா?"

"இல்ல."

சோறு அப்படியே மீதி. இரண்டு தட்டிலும்.

ஜூலை 8, செவ்வாய்

புழுக்கம். பாத்திரக்கடை பாய் வந்தார். அண்ணன் பள்ளி லீவில் வேலைக்கு நின்ற கடை. கையில் ஒரு சீட்டு. அதில் இன்னொரு எழுத்துக்கூட்டம்.

"இது இன்னான்னு பாரு மா. மாடி கட்ட வெச்சிருந்தது மொத்தமும் இதுலதான் பூட்ச்சு."

துபாயில் வேலை செய்யும் திவ்யாவாம். வாட்ஸ்அப்பில் பழக்கம், அப்புறம் ஒரு ஆப், அதில் முதலீடு. இப்போது ஆப்பும் இல்லை, திவ்யாவும் இல்லை.

"முன்னபின்ன தெரியாத பொண்ண எப்டி பாய் நம்புனீங்க?"

"நம்மூரு பேச்சு பேசிச்சு மா. கார்த்தாலயானா துன்னியான்னு கேக்கும். எங்க வூட்டுல கூட கேக்க மாட்டாங்க." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. போனைக் காட்டினார்.

'நாஸ்ட்டா துன்னியா பாய்?'

நாஷ்டாவை இந்த உலகத்தில் 'நாஸ்ட்டா' என்று எழுதுகிறவன் எனக்குத் தெரிந்து ஒருவன்தான். பிடுங்கிய போனில் பாயின் நம்பரும் இருந்திருக்கும்.

முகவரியை ஒட்டினேன். பாய் பணம் அந்த வாலட்டுக்குப் போயிருந்தது. அங்கிருந்து பெரிய கூறு எங்கோ. சின்னக் கூறு ஒன்று, எனக்கு மனப்பாடமான முகவரிக்கு.

தேதி ஜூன் கடைசி வியாழன். அன்றைக்கு அசைந்தது என்று அம்மா வடை சுட்டாள். பாய் வீட்டுக்கு நாலு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டவில்லை.

"நெட் ஸ்லோ பாய். நாளைக்கு வாங்க."

ஜூலை 9, புதன்

தூக்கம் இல்லை. தலைவலி.

அண்ணனுக்கு ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் இன்டர்வியூ நடந்த நாள் நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்ததும் 'துன்னு' என்று வந்துவிட்டதாம். சிரித்தே அனுப்பினார்கள். அந்த வாய்க்கு இங்கே வேலை இல்லை. அங்கே அதே வாயைப் பூட்டி வைத்து வேலை வாங்குகிறார்கள்.

பஸ் ஸ்டாண்டில் ஏ.வுக்குப் பிறந்தநாள் ஃப்ளெக்ஸ். 'இளைஞர்களின் விடிவெள்ளி.' வார்டுக்கு நிற்கப் போகிறானாம். கணக்குக் காட்டாதவன் தேர்தலில் நிற்கக் கூடாது என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கோயில் கல்லில் வெட்டி வைத்த ஊர். அந்தக் கல்லைப் பார்க்க வெளியூர் பஸ் வருகிறது, போட்டோ எடுத்துக்கொண்டு போகிறது.

பாய் பிரின்ட் கேட்டார், போலீஸில் கொடுக்க. கொடுத்தால் அண்ணன் திருடன், பூட்டி வைத்தவன் எவனோ. கொடுக்காவிட்டால் நான் யார்?

மூன்று பக்கம் எடுத்தேன். அண்ணன் முகவரி வரும் நான்காவது பக்கத்தை எடுக்கவில்லை. காசு வேண்டாம் என்றேன்.

"வேலைக்குக் காசு வாங்கணும் மா." மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

ஜூலை 10, வியாழன்

டோனர் வரவில்லை. பாய் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து நேராக வந்தார், முகம் செத்துப்போய்.

"பேரே இல்லாத ஆளு மேல எப்டி பாய் கேஸ் போடறது, பேர் கண்டுபுடிச்சிக்கினு வான்றாங்க. ஒரே பேஜாரு மா."

எனக்கு நிம்மதி. இந்த நிம்மதியைக் காறித் துப்ப வேண்டும்.

இன்றும் அசையவில்லை. அடித்திருப்பார்களா? வேறு இடத்துக்கு விற்றுவிட்டார்களா? அம்மா ஆடிக்குக் கூழ் ஊற்றுவதாக அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். நானும் கண்ணை மூடினேன். அசையட்டும் தாயே. அப்புறம்தான் உறைத்தது, யாரோ ஏமாற வேண்டும் என்று வேண்டியிருக்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி

மழை. கடையில் யாருமில்லை. பாய் மட்டும் ஸ்டூலில், டீயோடு.

பக்கத்தைத் திறந்தேன். அசைந்திருந்தது. இன்று காலை.

"இன்னா மா, கண்ணு கலங்குது? அண்ணன் சேதியா?"

"ஆமா பாய். நல்லா கீறானாம்."

"அல்லா காப்பாத்துவான். தங்கமான புள்ள. அவன் நின்ன வரைக்கும் எங் கடைல ஒரு ஸ்பூன் காணாம போனதில்ல." டீ கிளாஸைக் கீழே வைத்தார். "என்னுது எதனா தெரிஞ்சுதா மா?"

"இன்னும் இல்ல பாய்."

இன்றைய கூறு யாருடைய வாலட்டிலிருந்து வந்தது என்று பார்க்க ஒரு கிளிக் போதும். செய்யவில்லை.

வீட்டில் சொன்னதும் அம்மா உளுந்தை ஊறப் போட்டாள். இதை எழுதும்போது எண்ணெய் காய்கிறது.

"எழுதனது போதும், எய்ந்து வாடி. பாய் வூட்டுக்கு நாலு எடுத்துக்கினு போ, சூடா கீது."