திரையில் அவர் பேர்

12-8-1987, புதன்

வீட்டுக்காரர் தவறிப்போனதுக்கு அப்புறம் அவர் வேலையை எனக்குக் கொடுத்தாங்க. இப்போ ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வரப்போவுதுன்னு காரைக்கால்ல பேசிக்ங்கிற கம்ப்யூட்டர் மொழி படிக்க அனுப்பியிருக்காங்க. இன்னிக்குத்தான் முதல் புரோகிராம். மெஷின் ஒரு பேரைக் கேக்கணும், கொடுத்த பேருக்கு ஹலோ சொல்லணும், அவ்வளவுதான். முதல் தடவை மேற்கோள் குறியை விட்டுட்டேன், தப்புன்னு காட்டிச்சு. சரிபண்ணி ஓட்டினதும் பேர் என்னன்னு கேட்டுச்சு.

"யார் பேர வேணாலும் கொடுங்கக்கா"ன்னா சொல்லித்தர்ற பொண்ணு.

கை தானா ராஜேந்திரன்னு இங்கிலீஷ் எழுத்துல அடிச்சுது. கல்யாணம் ஆனதுலேருந்து அந்தப் பேரை நான் வாயால சொன்னதே இல்லை. ஹலோ ராஜேந்திரன்னு பச்சை எழுத்துல வந்து நின்னுச்சு.

"ஒங்க வீட்டுக்காரராக்கா? குடுத்து வெச்சவரு"ன்னு சிரிச்சா. அவளுக்கு எதுவும் தெரியாது. நானும் சொல்லலை. மெஷினை அணைச்சதும் எல்லாம் போயிடுச்சு.

சுரக்குடி வீட்டுக்கு வந்து மாமியார்கிட்ட சொன்னேன். சோறு போட்டுக்கிட்டிருந்த கை நின்னுது.

"நீ அவன் பேரச் சொல்ல மாட்டியேம்மா?"

"சொல்லலத்தே. அடிச்சேன்."

"அது அவன் பேரச் சொல்லிக் கூப்புட்டுச்சா?"

"ஆமாத்தே."

மிச்சச் சோத்தையும் போட்டாங்க. அப்புறம், "நாளைக்கும் அடி"ன்னாங்க.

சரின்னேன். படுத்தா அழுகை வரும்னு நெனச்சேன். வரலை.