பாய்ப்படகும் பதினொன்றரை அடிச் சங்கிலியும்

5-10-1958, ஞாயிறு

படகு மறுபடியும் அறுத்துக்கொண்டு போய்விட்டது. கரைப் பனைமரத்தில் நான்கு சுற்றுச் சுற்றிக் கட்டியும் கயிறு தேய்ந்து அறுந்து, நேரே போய் அப்துல் வஹீதின் வலையில் விழுந்திருக்கிறது. சிங்காநல்லூர்க் குளத்தில் மீன் குத்தகை அவருடையது. பீளமேட்டுக்கு வீடு தேடியே வந்துவிட்டார். மனிதர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"மொதலாளி, இது ரெண்டாந்தடவைங்க. இன்னொருக்கா வலைக்கு வந்துதுன்னா படகைக் கரையேத்திப் போடோணுமுங்க."

சரி என்று வாக்குக் கொடுத்தேன். அதுவும் என் மனைவி வரலட்சுமியின் முன்னால்! ஊட்டித் துரை ஒருவர் சீமைக்குப் போகும்போது, பம்புசெட்டைச் சரிசெய்து கொடுத்ததற்காக எனக்கு விட்டுப்போன பாய்ப்படகு. நாற்பத்திரண்டு வயதில் கிடைத்த ஒரே விளையாட்டுச் சாமான். கரையேற்றினால் வெயிலில் பிளந்து விறகாகிவிடும். விடமாட்டேன்.

7-10

கரையில் கட்டினால்தானே வம்பு? நடுத்தண்ணீரில் கட்டுகிறேன். நம் இரும்புப் பவுண்டரியில் விரிசல் விட்டுக் கிடக்கும் இஞ்சின் சக்கரத்தைக் குளத்தின் அடியில் இறக்குவது. அதிலிருந்து மேலே ஒரு சங்கிலி. அதன் முனையில் மிதக்கத் தகரப் பீப்பாய். பீப்பாயில் படகு. நாலு ஆள் தூக்கும் சக்கரம் – எந்தக் காற்று அசைக்கும்?

12-10, ஞாயிறு

முடிந்தது! கிணற்றில் விழுந்த சாமான்களை முங்கி எடுக்கும் நஞ்சப்பனைக் கூட்டிப்போனேன். கல்லைக் கட்டி ஆழம் பார்த்தார்: பதினோரு அடி. முடிச்சுக்கு அரையடி சேர்த்துப் பதினொன்றரை அடி விட்டு, மிச்சச் சங்கிலியை நானே ரம்பத்தால் அறுத்தேன். கிணற்று வேலையிலேயே வளர்ந்தவர்கள் நாங்கள். சங்கிலி தொய்ந்து நின்றால் எங்களுக்குத் தூக்கம் வராது.

நஞ்சப்பன் முங்கிப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினார். "வெறைப்பா நிக்குதுங்க மொதலாளி."

பீப்பாய்க்குச் சிவப்புப் பெயிண்டு. தூரத்தில் பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது.

13-10

இருந்த இடத்திலேயே இருக்கிறது.

14-10

இருக்கிறது. வீட்டில் இரண்டு தடவை சொன்னேன்.

19-10, ஞாயிறு

என்ன சொல்ல! மேற்கே மழை பெய்து, நொய்யலில் வெள்ளம் வந்து, ராத்திரிக்குள் குளம் இரண்டடி ஏறிவிட்டது. காலையில் போனால் பீப்பாயைக் காணோம், தண்ணீருக்குள் போயிருக்கிறது. படகு மூக்கைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு வாலைத் தூக்கி நிற்கிறது. நான் பார்க்கப் பார்க்கவே ஒரு காற்று அடித்தது; சக்கரம் தரையைவிட்டு எழும்பி, படகு வலைப் பக்கம் நகர ஆரம்பித்தது. வஹீதும் அவர் ஆட்களும் பரிசலில் பாய்ந்து பிடித்தார்கள். வலைக்கு ஒரு முழம்தான் பாக்கி.

"வலைல படலீங்க. அதனால இதைத் தடவைல சேக்கலீங்க," என்றார் வஹீது. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

வீட்டில் வரலட்சுமி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏனுங்க, எருமையக் கட்டறவங்க கழுத்தை முளைக்குச்சியோட ஒட்டியா கட்டறாங்க? அது மேயறதுக்குக் கயிறு உட வேண்டாமுங்களா?"

கோபத்தில் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். எருமையாம்! – ஆனால் சரியாகத்தானே சொல்லியிருக்கிறாள்? சங்கிலியை அறுத்தது யார்? நான்தானே?

23-10

நஞ்சப்பன் மறுபடி முங்கினார். சக்கரம் சாய்ந்து நிற்கிறதாம். சங்கிலியைப் பூட்டிய நட்டு பாதி கழன்றிருக்கிறதாம். பதினோரு நாளுக்குள்! சக்கரத்தைச் சேற்றில் மட்டமாகப் படுக்கவைத்து, நட்டுக்குப் பூட்டு ஆணி அடித்து, முப்பத்தைந்து அடிச் சங்கிலி மாட்டினோம்.

"இம்புட்டுத் தொய்வுங்களா?" நஞ்சப்பனுக்கு மனசே இல்லை.

"எருமை மேயட்டும் நஞ்சப்பா," என்றேன். ஏதோ என் சொந்த யோசனை போல.

படகை மூங்கிலால் தள்ளித் தள்ளி ஒரு வட்டம் சுற்றவிட்டுப் பார்த்தேன். எந்தப் பக்கம் போனாலும் வலைக்கு எட்டவில்லை. வரலட்சுமியிடம் இதைச் சொன்னேன். அவள் யோசனைதான் என்றும் சொல்லிவிட்டேன். மனசு லேசாயிற்று.

2-11, ஞாயிறு

நாள் முழுக்கப் பேய் மழை. காற்றில் எதிர்வீட்டு ஓடுகள் பறந்தன. குளத்துக்குப் போகப் பாதை இல்லை. இன்றைக்கு வலைக்குப் போனால் படகு இத்தோடு போயிற்று.

3-11

விடிந்ததும் சைக்கிளில் ஓடினேன். வரலட்சுமி பின்னால் உட்கார்ந்து, "மெதுவா, மெதுவா" என்றபடியே வந்தாள்.

குளம் கரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. பரிசல் கட்டும் முளைகள் ஒன்றுகூடத் தெரியவில்லை. நடுவில் சிவப்புப் பீப்பாய். பக்கத்தில் என் படகு. அதன் பின்னால் ஒன்றோடொன்று கட்டி, வரிசையாக மூன்று பரிசல்கள். வஹீதின் பரிசல்கள்!

அவர் கரையில் வலையைப் பிழிந்துகொண்டிருந்தார். "கேக்காமக் கட்டிப்போட்டனுங்க மொதலாளி. வேற எதுவும் நிக்கலீங்க." பிறகு கொஞ்சம் தயங்கி, "அந்தச் சக்கரமாட்டம் எனக்கொண்ணு கெடைக்குமுங்களா?" என்றார்.

மத்தியானம் பவுண்டரியில் விரிசல் விட்ட சக்கரம் வேறு இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. நல்லதிலேயே ஒன்றைத் தனியே எடுத்துவைக்கச் சொல்லிவிட்டேன்.