கறுத்த எலுமிச்சை

இன்று காலை தபால்காரர் ஒரு பொதியைத் தந்துவிட்டுப் போனார். பிரிக்கும் முன்பே மணம் வந்துவிட்டது. புளிப்பும் புகையும் கலந்த அந்த மணத்தை உன் தேநீரில் தவிர வேறெங்கும் நான் அறிந்ததில்லை. உள்ளே துணிப்பை நிறையக் காய்ந்து கறுத்த எலுமிச்சங்காய்கள். டோர்ட்மண்ட் கடைகளில் விற்கும் வெளிறிய காய்களைக் கையில் எடுத்து, "இது எலுமிச்சை இல்லை அக்கா, அதின்ர பிரேதம்" என்பாயே, அவை அல்ல. பக்தாத்திலிருந்து உன் தம்பி அனுப்பியவை. நீ இன்னும் உயிரோடு இருக்கிறாய் என்று நினைத்து அனுப்பியிருக்கிறான்.

முதியோர் இல்லத்துச் சமையலறை வேலையில் நாங்கள் யாழ்ப்பாணத்துப் பெண்கள் மூவர், பக்தாத்துக்காரி நீ ஒருத்தி. ஜெர்மன் படிக்க வந்தவள் எங்கள் வாயிலிருந்து தமிழைப் பொறுக்கிக்கொண்டாய். எனக்கு மாடு ஆகாது, உனக்குப் பன்றி ஆகாது. கோழி போடும் நாட்களில் மட்டும் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். இடைவேளையில் உன் குடுவையிலிருந்து எலுமிச்சைத் தேநீர் ஊற்றித் தருவாய். கதையும் அந்தத் தேநீரைப் போலக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது.

நீ சுன்னி, உன் கணவர் ஷியா. பெண் கேட்டு வந்தபோது அதை யாரும் விசாரிக்கவில்லை. முஹர்ரம் மாதத்தில் அவர் வீட்டு வாசலில் பெரிய அண்டா ஏறும். கோதுமையும் இறைச்சியும் குழையும்வரை தெரு முழுவதும் முறை வைத்துக் கிண்டும். சட்டைக் கையை மடித்துவிட்டு விடியும்வரை துடுப்பை விடாமல் கிண்டியவன் உன் தம்பிதான். அவனும் சுன்னி என்பது அந்த அண்டாவுக்குத் தெரியாது என்று சொல்லிச் சிரித்தாய்.

பிறகு படை வந்தது. சர்வாதிகாரி போனான் என்ற சந்தோசத்தில் உன் தம்பி தெருமுனையில் நின்ற வெளிநாட்டுச் சிப்பாய்களுக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தான். நீ அதைச் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அமைதி காக்க என்று கடல் கடந்து எங்கள் ஊருக்கு வந்த படைக்கு நாங்களும் மாலை போட்டோம். அதே படை சுற்றிவளைப்பில் பிடித்து அடித்த பிறகுதான் என் தம்பி இயக்கத்துக்குப் போனான். அவன் திரும்பி வரவேயில்லை.

உன் வீட்டிலும் அதே சிப்பாய்கள்தான் கதவை உடைத்தார்கள். உன் தகப்பனின் தலையில் சாக்கை மாட்டித் தெருவில் இழுத்துப்போனார்கள். பல மாதங்கள் கழித்து வந்தவர் யாரோடும் பேசவில்லை. அதற்குள் தம்பி ஆயுதக்காரரோடு சேர்ந்திருந்தான். "அந்நியனை அடிக்கப் போறம் எண்டு போனவங்கள் அக்கா, பிறகு எந்த வீடு ஷியா வீடு எண்டு கேட்கத் தொடங்கிட்டாங்கள்." மற்றப் பக்கத்திலும் அப்படியே ஒரு கூட்டம் கிளம்பியது. தெருவுக்குத் தெரு சோதனைச்சாவடி வந்தது.

உன் கணவர்மேல் தம்பிக்குப் பாசம் போகவில்லை. தன் கூட்டமே அவரைக் கொன்றுவிடும் என்று பயந்து, சுன்னிப் பெயரில் ஒரு பொய் அடையாள அட்டை செய்து கொடுத்தான். ஒரு பையில் அது, மறு பையில் சொந்த அட்டை. சாவடியில் நிற்பவன் யார் என்று பார்த்து எடுத்து நீட்ட வேண்டும். ஒருநாள் ரொட்டி வாங்கப் போனார். முதல்நாள் வரை தம்பியின் ஆட்கள் நின்ற சாவடியில் அன்று ஷியாக் கூட்டம் நின்றது. ஆள் மாறியது தெரியாமல் உன் தம்பி கொடுத்த அட்டையை நீட்டினார். தன் சொந்த ஆட்களின் கையிலேயே சுன்னி என்று செத்துப்போனார்.

அதன்பின் தம்பியோடு நீ பேசவில்லை. ஆயுதத்தை அவன் எப்போதோ விட்டுவிட்டான், உன்னை அழைப்பதை மட்டும் விடவில்லை. "போனை எடன், அவனோட கதையன்" என்று நான் ஒருநாள் சொல்லிவிட்டேன். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த உன் கை நின்றது.

"அக்கா, உங்கட தம்பி உங்கட மனுசனைக் கொல்லேல்லை."

என் தம்பி அழைக்கமாட்டானா என்ற ஏக்கத்தில் உன் தம்பிக்காகப் பரிந்தேன். உன்மேல் கோபமும் வந்தது, மறைக்கவில்லை.

இன்னொரு நாள் இல்லத்துக் கூடத்தில் தொலைக்காட்சியில் ஒருவர், உன் நாட்டில் மதச்சண்டை காலங்காலமாக உள்ளதுதானே என்று விளக்கிக்கொண்டிருந்தார். நீ தட்டத்தை மேசையில் அடித்து வைத்தாய். "என்ர கலியாணத்துக்கு ரெண்டு பள்ளிவாசல்ல இருந்தும் ஆக்கள் வந்தவை" என்று தமிழில் அவரிடம் சொன்னாய். தேநீருக்குக் காத்திருந்த கிழவர்கள் பயந்துபோனார்கள். நானும் சிரிக்கவில்லை.

நீ நோயில் விழுந்து மருத்துவமனையில் கிடந்தபோதும் அவன் அழைப்பு வரும். நீ போனைக் கவிழ்த்து வைப்பாய். நான் எழுந்து கோப்பி எடுக்கப் போய்விடுவேன். கடைசிவரை நீ பேசவில்லை என்றே நினைத்திருந்தேன். உனக்கு இங்கே யாருமில்லாததால் அடக்கத்துக்கு நான்தான் பள்ளிவாசலில் போய் நின்றேன். சுன்னியா ஷியாவா, எந்த முறையில் தொழுவது என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். தெரியாது என்றேன். தெரிந்துதான் அப்படிச் சொன்னேன்.

இன்றுதான் பொதியின் மேலுறையைப் பார்த்தேன். கோணலான ஆங்கில எழுத்தில் என் பெயர், என் தெரு, என் கதவு இலக்கம். பெயருக்கு முன்னால் 'அக்கா' என்றும் எழுதியிருக்கிறான். நீ சொல்லாமல் அவனுக்கு இது எப்படித் தெரியும்? நான் கோப்பிக்குப் போன நேரங்களில் நீ போனை எடுத்திருக்கிறாய். இந்த ஊர் எலுமிச்சை சரியில்லை என்று அவனிடம் குறை சொல்லியிருக்கிறாய். வீடு திரும்பமாட்டேன் என்று தெரிந்ததால் என் விலாசத்தைக் கொடுத்திருக்கிறாய். கள்ளி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மன்னித்தாயா என்று எனக்குத் தெரியாது. உறையில் அவன் இலக்கம் இருந்தது. அவனுக்குத் தமிழும் தெரியாது ஜெர்மனும் தெரியாது, எனக்கு உன் மொழி தெரியாது. ஆனாலும் அழைத்தேன். இந்த ஊர் இலக்கத்தைப் பார்த்து, எடுத்தவன் உன் பெயரைச் சொன்னான். இன்னொரு முறையும் சொன்னான். பிறகு, "அக்கா?" என்று கேட்டான்.

"ஓம்" என்றேன்.

என் குரலைக் கேட்டதும் நீ இல்லை என்று விளங்கிவிட்டது அவனுக்கு. அழத் தொடங்கினான். அடுப்பில் உன் எலுமிச்சை கொதித்துக்கொண்டிருந்தது. போனை வைக்க என்னால் ஏலவில்லை. அவன் அழுது முடியும்வரை, என் தம்பிக்காக நான் அழுது யாரும் கேட்டிராத அழுகையையும் சேர்த்து, காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.